பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வலி குறைக்கும் நரம்பு பிளாக்குகள்: எது யாருக்கு? கேள்விகளும் பதில்களும்

பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்களும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரும், இந்தத் துறைக்குள் இப்போதுதான் நுழையும் இளம் மருத்துவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவை சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையைப் பற்றியவை. வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன் பற்றிக் கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

சின்னச் சின்னத் துளைகள்தானே போடுகிறார்கள், அப்புறம் ஏன் இவ்வளவு வலி?

ஏனென்றால் வலி துளையிலிருந்து மட்டும் வருவதில்லை. மூன்று இடங்களிலிருந்து வருகிறது. பிளாக்குகளை ஒப்பிடுவதற்கு முன் இதைப் புரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, வயிற்றுச் சுவர் வலி. வழக்கமாக நான்கு துளைகள். தொப்புள் அருகே ஒன்று, மேல் வயிற்றின் நடுவில் ஒன்று, வலது விலா எலும்புகளுக்குக் கீழே இரண்டு. தோல், தசை, உள்சவ்வு எல்லாம் அங்கே வெட்டுப்படுகின்றன. விரலை வைத்து 'இங்கேதான்' என்று காட்டக்கூடிய வலி இது.

இரண்டாவது, உள்ளுறுப்பு வலி. பித்தப்பை கல்லீரலோடு ஒட்டியிருந்த இடம் பச்சைப் புண்ணாக இருக்கும். அங்கிருந்து வரும் வலியை இன்ன இடம் என்று காட்ட முடியாது. ஆழத்தில் ஏதோ பிசைவதுபோல் இருக்கும்.

மூன்றாவது, தோள்பட்டை வலி. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புவார்கள். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை இழுத்து எரிச்சலூட்டும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது. அதனால் மூளை அதைத் தோளின் வலியாக எடுத்துக்கொள்கிறது.

கீழே சொல்லப்போகும் பிளாக்குகள் எல்லாமே முக்கியமாக முதல் வலியைக் குறிவைப்பவை. இரண்டாவதில் சில பிளாக்குகள் ஓரளவு உதவலாம். மூன்றாவது வலியை இவற்றில் எதுவும் நம்பகமாகத் தடுப்பதில்லை.

நரம்பு பிளாக் என்றால் முதுகில் போடும் ஸ்பைனல் ஊசியா?

இல்லை. ஸ்பைனல் ஊசியில் மருந்து தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்துக்குள் போகிறது, உடலின் கீழ்ப்பாதி முழுவதும் மரத்துப்போகிறது. பிளாக்கில், வயிற்றுச் சுவருக்கு வரும் நரம்புகள் ஓடும் தசை இடுக்கில் மருந்தை வைக்கிறார்கள். அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே செலுத்துவார்கள். கால்கள் வழக்கம்போல் அசையும். சில வகைகளில் மட்டும் விதிவிலக்கு உண்டு, பின்னால் வருகிறது.

ஆபரேஷன் முழு மயக்கத்தில்தான் நடக்கும். பெரும்பாலும் மயக்கம் கொடுத்த பிறகே பிளாக் போடுவதால் ஊசி குத்துவது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எந்த நரம்புகளை மரக்கச் செய்கிறார்கள்?

மார்புத் தண்டுவடத்திலிருந்து 12 ஜோடி நரம்புகள் வருகின்றன. டி1, டி2 என்று டி12 வரை எண்ணுவார்கள். வயிற்றுச் சுவருக்கு வருபவை ஏறத்தாழ டி6 முதல் டி12 வரை, அவற்றோடு இடுப்புப் பகுதியின் முதல் நரம்பும் சேரும். நெஞ்சுக்குழி டி6, தொப்புள் டி10, அடிவயிறு டி12 என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பித்தப்பை ஆபரேஷனின் நான்கு துளைகளும் தொப்புளிலும் அதற்கு மேலேயும்தான். அதாவது நமக்கு வேண்டியது டி6 முதல் டி10 வரை. இந்த ஒரு கணக்கை வைத்தே எந்த பிளாக் பொருந்தும், எது பொருந்தாது என்று பாதி முடிவுக்கு வந்துவிடலாம்.

டேப் பிளாக் போடப்போவதாகச் சொன்னார்கள். அது என்ன?

வயிற்றின் பக்கவாட்டில் மூன்று தசைகள் அடுக்காக இருக்கின்றன. நடுத்தசைக்கும் உள்தசைக்கும் இடையிலுள்ள தளத்தில் நரம்புகள் ஓடுகின்றன. அந்தத் தளத்தில் மருந்தைப் பரவவிடுவதுதான் டேப் பிளாக். 2001-ல் ராஃபி என்பவர் இதை விவரித்தபோது இடுப்புக்கு மேலே தடவிப் பார்த்து, ஊசி தசை உறையைத் தாண்டும் 'டக்' என்ற உணர்வை நம்பித்தான் போட்டார்கள். சில ஆண்டுகளில் அல்ட்ராசவுண்ட் வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு முக்கியமான பிரிவு இருக்கிறது, நோயாளிகள் மட்டுமல்ல, சில மருத்துவர்களும் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். பக்கவாட்டு டேப், விலாவுக்குக் கீழான டேப் என்று இரண்டு வகை. பக்கவாட்டில் போட்டால் மருந்து பெரும்பாலும் டி10 முதல் டி12 வரைதான் எட்டும். குடல்வால், சிசேரியன், கருப்பை ஆபரேஷன்களுக்கு அது பொருத்தம். பித்தப்பைக்கோ தொப்புளுக்கு மேலே வேண்டும். அதற்காகத்தான் 2008-ல் ஹெப்பர்ட் விவரித்த விலாவுக்குக் கீழான முறை. விலா எலும்பின் ஓரத்தை ஒட்டிச் சாய்வாக ஊசியைக் கொண்டுபோனால் டி6 முதல் டி10 வரை எட்டும்.

ஆகவே 'டேப் பிளாக் போட்டும் வலி குறையவில்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்த டேப் என்பதைத்தான். பழைய ஆய்வுகள் சிலவற்றில் டேப் பிளாக்குக்குப் பெரிய பலன் தெரியாமல் போனதற்கும் இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தவறான இடத்தில் போட்டுவிட்டு முறையைக் குறை சொல்வது நியாயமில்லை.

மல்லாந்து படுத்த நிலையிலேயே போடலாம் என்பது இதன் பெரிய வசதி. நோயாளியைத் திருப்ப வேண்டியதில்லை, சில நிமிடங்களில் இருபுறமும் முடிந்துவிடும். உள்ளுறுப்பு வலியை இது தொடாது என்பது குறை.

ரெக்டஸ் ஷீத் பிளாக்?

வயிற்றின் நடுவில் செங்குத்தாக இருக்கும் தசையின் உறைக்குள் போடுவது. 1899-லேயே ஷ்லைக் விவரித்த பழைய முறை. தொப்புள் துளைக்கும் நடுக்கோட்டுத் துளைக்கும் நன்றாக வேலை செய்யும். வலது பக்கத் துளைகளுக்குப் பயன்படாது. அதனால் பித்தப்பைக்குத் தனியாகப் போதாது. விலாவுக்குக் கீழான டேப்போடு சேர்த்துப் போடுபவர்கள் உண்டு.

ஈஎஸ்பி பிளாக் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்களே, ஏன்?

முதுகெலும்பின் இருபுறமும் நீளமாக ஓடும் தசைக்கும், முதுகெலும்பின் பக்கவாட்டு நீட்சிக்கும் இடையில் மருந்தை வைப்பது இது. 2016-ல் ஃபொரேரோவும் அவருடைய சகாக்களும் மார்பில் வந்த கடும் நரம்பு வலிக்காக இதை முதலில் விவரித்தார்கள். பிறகு மார்பகம், இதயம், முதுகுத்தண்டு, வயிறு என்று வேகமாகப் பரவியது. பித்தப்பைக்கு டி7 மட்டத்தில் இருபுறமும் போடுவது வழக்கம்.

இவ்வளவு ஆர்வத்துக்குக் காரணங்கள் உண்டு. ஊசி போய் நிற்பது ஒரு எலும்பின் மேல். நுரையீரலும் பெரிய ரத்தக்குழாய்களும் தள்ளி இருக்கின்றன. திரையில் எலும்பு தெளிவாகத் தெரிவதால் கற்றுக்கொள்வதும் எளிது. ஒரே ஊசியில் மருந்து மேலும் கீழும் பல மட்டங்களுக்குப் பரவுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து முன்பக்கம் கசிந்து முதுகெலும்புக்கு அருகிலுள்ள நரம்புவேர் வரை போனால் உள்ளுறுப்பு வலியையும் குறைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது.

அந்தக் கடைசி எதிர்பார்ப்பில்தான் சிக்கல். இறந்த உடல்களில் சாயம் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில், சிலவற்றில் சாயம் முன்னே போயிருக்கிறது, சிலவற்றில் போகவே இல்லை. உயிருள்ளவர்களிலும் ஒருவருக்கு வயிறு நன்றாக மரக்கிறது, இன்னொருவருக்கு முதுகு மட்டும் மரத்து முன்பக்கம் உணர்வு அப்படியே இருக்கிறது. ஈஎஸ்பி நல்ல பிளாக்தான். ஆனால் உள்ளுறுப்பு வலிக்கும் சேர்த்து உறுதி கொடுக்கிற பிளாக் என்று சொல்லிப் போடுவது நோயாளிக்குத் தவறான நம்பிக்கை தருவதாகும்.

நடைமுறைச் சிரமம் ஒன்றும் உண்டு. உட்கார வைத்தோ, பக்கவாட்டில் அல்லது குப்புறப் படுக்க வைத்தோதான் போட முடியும். மயக்கம் கொடுத்த பிறகு திருப்புவதற்கு ஆட்கள் வேண்டும், சுவாசக்குழாய் நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழித்திருக்கும்போதே போட்டால் நோயாளிக்கு இரண்டு ஊசிகளின் அசௌகரியம்.

கியூஎல் பிளாக் இதைவிட நல்லதா?

இடுப்பின் பின்பக்கத்திலுள்ள சதுர வடிவத் தசையை ஒட்டி மருந்து வைப்பது. 2007-ல் ராஃபேல் பிளாங்கோ தொடங்கிவைத்தார். தசைக்குப் பக்கவாட்டில், பின்னால், முன்னால் என்று மூன்று விதமாகப் போடுகிறார்கள், மூன்றும் மருந்தை வெவ்வேறு விதமாகப் பரப்புகின்றன. இதனாலேயே 'கியூஎல் இப்படி வேலை செய்தது' என்ற பொதுப் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தக் கியூஎல் என்று பார்க்க வேண்டும்.

பக்கவாட்டு டேப்பைவிட மேலே பரவக்கூடும், நேரமும் கொஞ்சம் கூடுதலாக நிற்கலாம். ஆனால் ஆழமான இடம், அல்ட்ராசவுண்டில் பார்ப்பது கடினம், சிறுநீரகம் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பக்க முறையில் மருந்து இடுப்பு நரம்புப் பின்னலுக்குப் போய்த் தொடை பலவீனமாகலாம். அன்றே எழுந்து நடந்து, சிலர் அன்றே வீட்டுக்கும் போகும் ஆபரேஷனில் கால் தடுமாறினால் கீழே விழும் ஆபத்து. மேல் வயிற்றில் நடக்கும் லேப்ராஸ்கோப்பி பித்தப்பைக்கு இதை முதல் தேர்வாக நான் சொல்லமாட்டேன்.

எம்-டாபா, வெளிச்சாய்தசை பிளாக் என்று புதுப் பெயர்கள் வருகின்றனவே?

எம்-டாபா 2019-ல் விவரிக்கப்பட்டது. விலாக் குருத்தெலும்பின் அடிப்பக்கத்தில் மருந்தை வைக்கிறார்கள். வெளிச்சாய்தசைக்கு அடியில் விலா எலும்பின் மேல் வைக்கும் இன்னொரு பிளாக் 2021-ல் வந்தது. இரண்டுமே மேல் வயிற்றை மனதில் வைத்து உருவானவை, மல்லாந்த நிலையிலேயே போடலாம். விலாவுக்குக் கீழான டேப்பில், நடுவிலிருந்து தள்ளியிருக்கும் துளைகளுக்குச் சில சமயம் மரப்பு போதாமல் போகும். அந்தக் குறையைப் போக்கக்கூடும் என்பதுதான் இவற்றின் ஈர்ப்பு. உடல் பருமனானவர்களில் விலா எலும்பு நல்ல அடையாளமாக இருப்பதால் வெளிச்சாய்தசை பிளாக் எனக்கு நம்பிக்கை தருகிறது. இருந்தாலும் இவற்றின் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை.

சர்ஜன் துளைகளைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசியே போதாதா?

பலருக்குப் போதும்.

ப்ராஸ்பெக்ட் என்ற மருத்துவர் குழு ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் தனித்தனியாக வலி நிவாரண ஆய்வுகளை அலசிப் பரிந்துரை தருகிறது. லேப்ராஸ்கோப்பி பித்தப்பைக்கு 2018-ல் அது சொன்ன அடிப்படை இது: பாராசிட்டமால், அதோடு ஒரு வீக்கக் குறைப்பு வலி மருந்து, ஒரு டோஸ் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, துளைகளில் மரப்பு ஊசி. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் வலி மீறினால் மட்டும். டேப் பிளாக்கை, இந்த அடிப்படையைக் கொடுக்க முடியாதவர்களுக்குத்தான் வைத்தது. அதன் பிந்தைய பரிந்துரையிலும் துளை ஊசியே முதலில். டேப், ஈஎஸ்பி போன்றவை கடும் வலி வரக்கூடியவர்களுக்கான இரண்டாம் வரிசை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அருமையான பிளாக் போட்டுவிட்டு, வார்டில் நேரத்துக்குப் பாராசிட்டமால் கொடுக்காமல் விட்டால், நள்ளிரவில் நோயாளி துடிப்பார். மாத்திரைகள் நேரம் தவறாமல் போய்ச் சேர்வது எந்த பிளாக்கையும்விட முக்கியம்.

நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

எந்த பிளாக்கும் போடாதவர்களோடு ஒப்பிட்டால், விலாவுக்குக் கீழான டேப், ஈஎஸ்பி, கியூஎல் மூன்றுமே முதல் சில மணி நேரத்தில் வலியையும் ஓபியாய்டு தேவையையும் குறைக்கின்றன. ஒன்றோடொன்று ஒப்பிட்டால் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. ஈஎஸ்பிக்கும் விலாவுக்குக் கீழான டேப்புக்கும் இடையே பல ஆய்வுகளில் ஈஎஸ்பி கொஞ்சம் முன்னால் நிற்கிறது. கியூஎல்லும் விலாவுக்குக் கீழான டேப்பும் ஏறத்தாழச் சமம்.

'கொஞ்சம்' என்பது எவ்வளவு? வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொன்னால், ஏறத்தாழ 1 புள்ளியாவது குறைந்தால்தான் நோயாளிக்கு வித்தியாசம் தெரியும். ஓபியாய்டு என்றால் 24 மணி நேரத்தில் ரத்தக்குழாய் வழியே செலுத்தும் மார்ஃபின் 10 மில்லிகிராமாவது குறைய வேண்டும் என்பது பலர் வைத்திருக்கும் அளவுகோல். பிளாக்குகளுக்கு இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் இந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. லேப்ராஸ்கோப்பி பித்தப்பைக்கு மொத்தத் தேவையே அவ்வளவு அதிகமில்லை. ஆய்வுக் கட்டுரையில் 'புள்ளியியல் அளவில் குறிப்பிடத்தக்கது' என்று இருப்பதும், படுக்கையில் இருப்பவர் 'பரவாயில்லை, இப்போது நன்றாக இருக்கிறது' என்று சொல்வதும் வேறு வேறு.

இன்னொன்றையும் பாருங்கள். ஒப்பிடப்பட்ட குழுவுக்குத் துளை ஊசியும் பாராசிட்டமாலும் வீக்கக் குறைப்பு மருந்தும் கொடுத்தார்களா? கொடுக்காமல் விட்டிருந்தால் எந்த பிளாக்கும் பிரமாதமாகத்தான் தெரியும்.

அப்படியானால் நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

சிக்கல் இல்லாத ஒருவருக்கு: அடிப்படை மருந்துகளும் துளை ஊசியும். கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால் விலாவுக்குக் கீழான டேப், இருபுறமும். வலி கடுமையாகும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு, போடுபவருக்குப் பழக்கமும் ஆள் வசதியும் இருந்தால் ஈஎஸ்பி. வாரத்தில் பலமுறை டேப் போடும் கையால் போடப்படும் டேப், எப்போதாவது ஈஎஸ்பி போடுபவரின் ஈஎஸ்பியைவிட மேல். உங்கள் மயக்க மருத்துவரிடம் 'உங்களுக்கு எது நன்றாகக் கைவந்தது?' என்று கேட்கத் தயங்காதீர்கள்.

யாருக்கு பிளாக் கட்டாயம் யோசிக்க வேண்டும்?

சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் போன்றவற்றால் வீக்கக் குறைப்பு மருந்து எடுக்க முடியாதவர்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள், ஏனென்றால் ஓபியாய்டு அதை மோசமாக்கும். முந்தைய ஆபரேஷனில் ஓயாமல் வாந்தி எடுத்தவர்கள். நாள்பட்ட வலிக்காக ஏற்கெனவே ஓபியாய்டு எடுப்பவர்கள். இவர்களுக்கு பிளாக்கின் பலன் ஆய்வுகளின் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

மருந்தின் அளவில் என்ன ஆபத்து?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பவர் இளம் மருத்துவராக இருந்தால் இதைப் படிக்க வேண்டும்.

60 கிலோ எடையுள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். புபிவக்கைன் என்ற மரப்பு மருந்துக்கு, கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற எச்சரிக்கையான கணக்கில் உச்ச அளவு 120 மில்லிகிராம். 0.25 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 2.5 மில்லிகிராம் இருக்கிறது. இருபுறமும் 20 மில்லி வீதம் போட்டால் 100 மில்லிகிராம் முடிந்துவிட்டது. மீதி 20 மில்லிகிராம், அதாவது வெறும் 8 மில்லி. இந்த நேரத்தில் சர்ஜன் தன் பங்குக்குத் துளைகளில் 20 மில்லி போட்டால் மொத்தம் 150 மில்லிகிராம். எல்லை தாண்டியாகிவிட்டது. 45 கிலோ உள்ளவர் என்றால் பிளாக்கிலேயே எல்லை கடந்துவிடும், ஏனென்றால் அவருக்கு உச்ச அளவு 90 மில்லிகிராம்தான்.

யாரும் தவறு செய்யவில்லை, இருவரும் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எடையை வைத்து மொத்த அளவை முதலிலேயே கணக்கிட்டு, பிளாக்குக்கு இவ்வளவு, துளைக்கு இவ்வளவு என்று சத்தமாகச் சொல்லிப் பிரித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு மரப்பு மருந்தான ரோபிவக்கைனுக்கு வழக்கமான உச்சம் கிலோவுக்கு 3 மில்லிகிராம். வயதானவர்களுக்கும் கல்லீரல், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதையும் குறைக்க வேண்டும்.

அளவு மீறினாலோ ரத்தக்குழாய்க்குள் போய்விட்டாலோ வாயைச் சுற்றி மரப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பிறகு வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என்று போகலாம். மயக்கத்தில் இருப்பவர் முதல் மூன்றையும் சொல்ல முடியாது, நேரடியாக இதயம்தான் காட்டிக்கொடுக்கும். இதற்கு 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு மருந்து, முதலில் கிலோவுக்கு 1.5 மில்லி. பிளாக் போடும் இடத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வேறு பக்கவிளைவுகள்?

ஊசி போட்ட இடத்தில் ரத்தக்கட்டு, தொற்று, பிளாக் சரியாகப் பிடிக்காமல் போவது ஆகியவை எல்லா வகைக்கும் பொது. கண்ணால் பார்க்காமல் போட்ட காலத்தில் டேப் ஊசி கல்லீரலில் பட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு டேப் போன்ற மேலோட்டமான பிளாக்குகள் ஆழமானவற்றைவிடப் பாதுகாப்பு, ரத்தம் கசிந்தாலும் அழுத்திப் பிடிக்க முடியும். இந்த மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எத்தனை மணி நேரம் தாங்கும்?

ஒருமுறை போட்டால் பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரம். டெக்ஸாமெதசோன் போன்றவை சேர்ந்தால் இன்னும் நீளலாம். காலையில் ஆபரேஷன் முடிந்தால் இரவில் பிளாக் விடும், அப்போது வலி திடீரென ஏறியதுபோல் தோன்றும். அதனால் வலி இல்லையே என்று மாலை மாத்திரையைத் தவிர்க்கவே கூடாது. மரப்பு விடுவதற்கு முன்பே அது உள்ளே போயிருக்க வேண்டும்.

தோள்பட்டை வலிக்கு என்னதான் வழி?

ஆபரேஷன் அறையிலேயே செய்ய வேண்டியவை உண்டு. வாயு அழுத்தத்தைக் குறைவாக வைப்பது, முடிக்கும்போது வாயுவை முழுவதுமாக வெளியேற்றுவது. பிறகு, எழுந்து நடப்பதும் வீக்கக் குறைப்பு மாத்திரையும் உதவும். இரண்டொரு நாளில் தானாகத் தணியும். இதயக் கோளாறு உள்ளவர்களுக்குத் தோள்வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் 'வாயு வலிதான்' என்று விட்டுவிடக் கூடாது, உடனே ஈசிஜி எடுக்க வேண்டும்.

வயிற்றைத் திறந்து செய்தால் ஒப்பீடு மாறுமா?

முழுவதும் மாறும். வலது விலாவுக்குக் கீழே நீண்ட வெட்டு, தசைகள் அறுபடுகின்றன, மூச்சை இழுக்கும்போதெல்லாம் வலிக்கும். இருமவும் ஆழமாக மூச்சுவிடவும் பயந்தால் சளி தங்கி நிமோனியா வரலாம். இங்கே பிளாக் ஆடம்பரமில்லை. வெட்டு ஒரு பக்கம் மட்டும் என்பதால் வலது பக்கத்தில் போட்டாலே போதும். மெல்லிய குழாயை வைத்து நாள்கணக்கில் மருந்து செலுத்தவும் முடியும்.

முதுகெலும்பை ஒட்டி, நரம்புகள் வெளிவரும் இடத்தில் போடும் பாராவெர்டெப்ரல் பிளாக் இங்கே வலுவான தேர்வு. மருந்து நரம்புவேருக்கே போவதால் உள்ளுறுப்பு வலியிலும் பலன் கிடைக்கும். நுரையீரல் உறையில் ஊசி பட்டுக் காற்று கசியும் ஆபத்து சிறிய அளவில் உண்டு. முதுகில், தண்டுவட உறைக்கு வெளியே மருந்து வைக்கும் எபிடூரலும் நன்றாக வேலை செய்யும், ஆனால் ரத்த அழுத்தம் இறங்கும், உறைவுத் தடுப்பு மருந்துகளோடு ஒத்துப்போகாது. லேப்ராஸ்கோப்பியாகத் தொடங்கி நடுவில் திறக்க நேர்ந்தால், மயக்கம் தெளிவதற்குள் பிளாக் திட்டத்தையும் மாற்றிவிட வேண்டும்.

பிளாக் போட்டால் உள்ளே ஏதாவது கோளாறு வந்தாலும் தெரியாமல் போய்விடுமா?

நியாயமான பயம்தான். பித்தநீர் கசிவு, ரத்தக்கசிவு போன்றவற்றின் வலி பெரும்பாலும் உள்ளிருந்து வருவது, அதை இந்த பிளாக்குகள் முழுவதுமாக மறைப்பதில்லை. வேறு அடையாளங்களும் இருக்கின்றன: வேகமான நாடித்துடிப்பு, காய்ச்சல், வயிறு உப்புதல், ரத்த அழுத்தம் இறங்குதல். வழக்கமான வலி நாளுக்கு நாள் குறையும். குறைந்துகொண்டிருந்தது மறுபடி கூடினால், காய்ச்சலோ குளிரோ வந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்நிறமானால், வாந்தி நிற்காமலிருந்தால் மாத்திரையைக் கூட்டிப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன பிளாக், எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்ற குறிப்பு டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறதா என்று பார்த்து, அதையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.